வான்படை வீரர் இந்திரலால் ராய் சரித்திரம்

வரலாறு எழுதுவார்க்குக் கடமைகள் இரண்டு உள. ஒருவர் செய்த நற்செயலை மறையாது கூறுதல் ஒன்று. அவர் செய்யாததை அவர்மேல் ஏற்றிக் கூறாமை மற்றொன்று. முன்னதை நம்மவர் பெரும்பாலும் மறவாது செய்துவருகின்றனர். பின்னதிற் பிழைபடாதார் சிலரே. அப்பிழையை யாமும் பல்லாண்டு செய்துவந்தோம் என்பதை ஒளியாது ஒப்புக்கொண்டு, அதற்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

வெம்பாக்கத்தில் மாணவர்க்குத் தமிழ் கற்பிக்குங்கால், வீரச்சுவையை விளக்கும்பொருட்டு, முதல் உலகப் போரில் ஆகாய விமானத்திற் பொருது உயிர்நீத்த இந்திரலால் ராய் என்னும் வங்க இளைஞரின் கதையை ஆண்டுதோறும் எடுத்துரைப்பது எம் வழக்கம். அவர் பகைவரால் வீழ்த்தப்பெற்று மூன்று நாள் உணர்வற்றுக் கிடந்தார் என்றும், இறந்தாரென்று கருதி அவரைப் பிணவறையில் இட்டனர் என்றும், நள்ளிரவில் அவர் கண்விழித்துக் கதவைத் தட்டக் காவலாள் பேயென்று அஞ்சி நடுங்கினான் என்றும் சொல்லிப் பிள்ளைகளை மயிர்க்கூச்செறியச் செய்வோம். சென்ற ஆண்டில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்து, இதனை எழுதி வைத்தவர் யாவர் என்று பணிவுடன் வினவினான். யாம் விடை கூற மாட்டாது நின்றோம். பிறர் சொல்லக் கேட்டும், பிறர் எழுதியதைப் படித்தும் சொல்லிவந்தோமேயன்றி, அதன் மூலம் யாது என்று ஒருநாளும் தேடினோமல்லோம். ஆசிரியர்க்கு இதனினும் பெரிய நாணம் வேறில்லை. அன்று முதல் அவ்வீரரின் படைப்பணியை ஆவணங்களின் நெறியே ஆராயத் தலைப்பட்டோம்.

நம் குலத்தாருக்கென நடைபெறும் இவ்விதழில் வங்கநாட்டார் ஒருவரின் சரித்திரம் எதற்கு என்று சிலர் ஐயுறலாம். நல்லோர் எக்குடியிற் பிறப்பினும் அவர் வாழ்வு எல்லார்க்கும் உரிய செல்வமேயாம். அன்றியும் இச்சரித்திரத்தினின்று நம் இல்லங்கட்கு வேண்டிய படிப்பினை ஒன்று உண்டு. அதனை முடிவிற் கூறுதும்.

குடியும் பிறப்பும்

இந்திரலால் ராய் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ஆம் நாள் கல்கத்தா நகரிற் பிறந்தார். அவர்தம் முன்னோர் கீழை வங்கத்துப் பரிசால் ஜில்லாவைச் சார்ந்த லகுட்டியா என்னும் ஊரின் ஜமீன்தார்கள். அவ்வூர் இற்றைநாளில் வங்கதேசத்தில் உளது. தந்தையார் பியாரிலால் ராய் பாரிஸ்டர் பட்டம் பெற்ற வழக்கறிஞர். கல்கத்தாவில் அரசாங்கத்தின் சார்பாகக் குற்றவழக்குகளை நடத்தும் உயர்ந்த உத்தியோகம் வகித்தவர். தாயார் லலிதா ராய் அம்மையார், பெண்டிர்க்கு வாக்குரிமை வேண்டுமென்று இங்கிலாந்தில் உழைத்தோருள் ஒருவர். 1911-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் நாள், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி இலண்டன் வீதிகளில் வாக்குரிமை கோரிப் பெண்டிர் நடத்திய பேரணியில், இந்தியப் பெண்டிர் சிலருடன் அவ்வம்மையாரும் நடந்தார்.

மக்களுக்கு உயர்ந்த கல்வி அளிக்கக் கருதிய அத்தாயார் அவர்களுடன் இலண்டனிற் குடியேறினார். ஆகவே இந்திரலால் சிறுபருவத்திலேயே கடல்கடந்து சென்று, 1509-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற புகழ்வாய்ந்த செயின்ட் பால் பள்ளியிற் பயின்றார். அப்பள்ளி அக்காலத்து இலண்டனைச் சார்ந்த ஹாமர்ஸ்மித் பகுதியில் இருந்தது. அங்கு மாணவர்க்குரிய படைப்பயிற்சியிலும் அவர் சேர்ந்திருந்தார். தமையனார் பரேஷ்லால் ராய் போர் மூண்டபின் இலண்டனிலேயே ஒரு படைப்பிரிவிற் சேர்ந்து பணிபுரிந்தார். பின்னாளில் தாயகம் திரும்பிக் குத்துச்சண்டைக் கலையை இங்கு வளர்த்தவராகப் பெயர் பெற்றவரும் அவரே.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பாவில் அப்பெரும்போர் மூண்டது. அதன் வெம்மை நம் நாட்டையும் தாக்கிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தைக் குண்டெறிந்து தாக்கியதையும், அக்கப்பலின் பெயரே பின்னர் நம் ஊர்ப்பேச்சில் வல்லவனொருவனைக் குறிக்குஞ் சொல்லானதையும் அறியாதார் இலர். ஜெர்மனியினின்று வந்துகொண்டிருந்த சாயப்பொருள்கள் வாராதொழியவே, நெசவாளரும் சாயக்காரரும் பெரிதும் இடர்ப்பட்டனர். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அப்போரின் பொருட்டுக் கடல்கடந்து சென்றனர். அவர்களுள் விமானம் ஏறிப் பொருதோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. இந்திரலால் அச்சிலருள் ஒருவர்.

படையிற் சேர்ந்த வகை

அந்நாளில் இந்தியப் பட்டாளத்தில் இந்தியர் சிப்பாயாகவும், ஜமேதார், சுபேதார் முதலிய பதவிகளிலும் அமரலாமே ஒழிய, ஆங்கிலேயர்க்குச் சமமான அதிகாரிப் பதவி பெறுதல் அரிதினும் அரிது. 1917-ஆம் ஆண்டிலேதான் அக்கதவு சிறிது திறக்கப்பெற்றது. விமானப்படையும் அவ்வாண்டில் இங்கிலாந்திற் பயின்றுவந்த இந்திய இளைஞர் சிலரை ஏற்றுக்கொண்டது. பதினெட்டு வயது நிரம்பிய சில திங்களில், 1917 ஏப்ரலில், இந்திரலால் அப்படையைச் சார்ந்தார். அப்போது அதற்கு ராயல் ஃபிளையிங் கோர் என்று பெயர். 1918 ஏப்ரல் 1-ஆம் நாள் அது கடற்படையின் விமானப்பிரிவோடு ஒன்றாக்கப்பெற்று ராயல் ஏர் ஃபோர்ஸ் ஆயிற்று.

சேர்வது எளிதாக அமையவில்லை. கண்பார்வை குறைவுடையது என்று முதலில் அவர் தள்ளப்பெற்றார். அவர் மனந்தளராது, பெயர்பெற்ற கண்மருத்துவர் ஒருவரிடஞ் சென்று மீண்டும் சோதித்துக்கொண்டு, பார்வை நன்றென்று சான்று பெற்று வந்தார். முதல் தீர்ப்பு மாற்றப்பெற்றது. அம்மருத்துவர்க்குக் கூலி கொடுக்கத் தம் மோட்டார் சைக்கிளை விற்றார் என்பது வழிவழி வரும் செய்தி. அது எவ்வாறாயினும், ஒருமுறை இல்லையென்று சொல்லப்பெற்றவர் தகுந்த சான்றோடு மறுமுறை சென்று கேட்டார் என்பது ஓர்ந்துணரத்தக்கது. இரவு விளக்கொளியில் இழை பிணைத்துக் கண் மங்கியோர் நம்மிடையே பலர். அவர்தம் பிள்ளைகளுக்கு இச்செய்தி ஊக்கம் அளிக்குமென்றே நம்புகின்றோம்.

1917 ஜூலை 5-ஆம் நாள் அவர் இரண்டாம் லெப்டினன்ட் பதவி பெற்றார். பிரான்சு நாட்டு வாந்தோம் என்னுமிடத்திலும், துப்பாக்கிப் பயிற்சிக்காக ஸ்காத்லாந்தின் டர்ன்பெரியிலும் பயின்றபின், அக்டோபர் 30-ஆம் நாள் 56-ஆம் விமானப்பிரிவை அடைந்தார். அது அக்காலத்துப் புகழ்மிக்க போர்விமானப் பிரிவுகளுள் ஒன்று. மெக்கடன் முதலிய தேர்ந்த விமானிகள் அதிலிருந்தனர். இவர் பணிபுரிந்த குழுவுக்குத் தலைவர் காப்டன் ரிச்சர்ட் மேபரி என்பவர்.

அவர் ஏறிய விமானம்

அவர் செலுத்திய விமானம் எஸ்.இ.5ஏ என்னும் வகையைச் சார்ந்தது. அதில் ஒருவரே ஏறலாம். சுமார் 200 குதிரைத்திறன் உள்ள இயந்திரம் பூட்டப்பெற்று, மணிக்கு 130 மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் பறக்கவல்லது. சட்டங்கள் மரத்தாலானவை. இறக்கைகளை மூடியிருந்தது துணி என்பதை அறிந்தபோது எமக்கு வியப்பு மிக்கது. ஆளிச்செடியின் நாரினின்று நெய்த லினன் துணியை மரச்சட்டங்களின்மேல் இழுத்துத் தைத்து, டோப் என்னும் பூச்சு நெய்யைப் பலமுறை பூசுவர். பூச்சு உலருங்கால் துணி சுருங்கி மத்தளத்தோல்போல் இறுகும். பாவுக்குக் கஞ்சியிட்டு விறைப்பேற்றும் நம்மவர் இம்முறையின் நுட்பத்தை எளிதில் உணர்வர். ஆகவே அவ்வீரர்களை வானில் தாங்கியது ஒருவகையில் நெசவாளரின் கைத்திறனேயாம். ஆயினும் அப்பூச்சு எளிதில் தீப்பற்றுவது. துணியில் தீப்பிடித்துவிடின் விமானியின் கதி அதோகதியே.

அதில் இயந்திரத் துப்பாக்கிகள் இரண்டு இருந்தன. ஒன்று மேலிறக்கையின்மீது பொருத்தப்பெற்றது. அதன் குண்டுத்தட்டு காலியானால், விமானி பறந்துகொண்டே அதனைக் கீழிழுத்து வேறு தட்டு மாட்டல் வேண்டும். மற்றொன்று முன்னே சுழலும் விசிறியினூடே சுடுவது. தறியில் மிதியை மிதிக்கப் பாவிழைகள் பிரியும் கணத்தில் நாடா ஓடுவதுபோல, விசிறியின் இதழ் விலகும் கணத்திலேயே குண்டு பாயும்படி ஒரு பொறி அமைத்திருந்தனர். கணந்தவறினால் நாடா இழையை அறுப்பதுபோலக் குண்டு விசிறியை உடைத்துவிடும்.

விமானி அமரும் இடத்துக்கு மூடியில்லை. பதினையாயிரம் அடிக்கு மேலும் ஏறி, உறையுங் குளிரில், மெலிந்த காற்றையே சுவாசித்துப் பறத்தல் வேண்டும். பகைவரைத் தேடி ஓயாது தலையைத் திருப்புவதாற் கழுத்துத் தேய்ந்து புண்ணாகாதிருக்கப் பலர் பட்டுத்துணியைக் கழுத்திற் சுற்றிக்கொள்வர். ஆனால் அதே பட்டினாற் செய்த பாரசூட் என்னும் குடையை, கயிற்றாற் கட்டிய பலூன்களில் அமர்ந்து வேவு பார்ப்போர்க்கு அளித்த ஆங்கிலப் படையார், விமானிகட்கு அப்போர் முடியுமளவும் அளித்தாரில்லை. விமானம் வீழ்ந்தால் விமானியும் உடன் வீழ்வான். இந்நிலையை அறிந்தே அவ்விளைஞர் ஒவ்வொரு நாளும் மேலேறினர்.

விபத்தும் பிணவறைக் கதையும்

1917 டிசம்பர் 6-ஆம் நாள், பத்தொன்பது வயது நிரம்பிய நான்காம் நாள், இந்திரலாலின் விமானம் தரையில் மோதி உடைந்தது. அவர் காயமுற்றார். எம் மாணவன் வினவிய கதை தோன்றிய இடம் இதுவே.

இக்கதையைக் கூறுவோர் ஒருவர் கூறியவாறு மற்றொருவர் கூறுகின்றாரில்லை. பகைவர் சுட்டு வீழ்த்தினர் என்பார் சிலர். இறங்குங்கால் நேர்ந்த விபத்து என்பார் சிலர். மூன்று நாள் போர்க்களத்தில் கிடந்தார் என்பாருமுளர். மருத்துவமனைக்கு நேரே கொண்டுசெல்லப்பெற்றார் என்பாருமுளர். ஒரு நிகழ்ச்சியைப் பலர் பலவாறு கூறின், எழுத்தில் அன்றன்று பதிந்ததையே முதற்சான்றாகக் கொள்ளுதல் ஆராய்ச்சி நெறி. அந்நெறியால் நிலைபெறுவன மூன்று: விபத்து நேர்ந்த நாள், இவர் காயமுற்றமை, பறக்கத் தகுதியற்றவர் என்று பின்னர் இவர் விலக்கப்பெற்றமை. பிணவறைச் செய்தியைக் கதையென்ற பெயராலேயே இனிச் சொல்லுவோம். எம் மாணவரிடத்தும் அவ்வாறே சொல்லிவிட்டோம்.

கதை நீங்கியதால் வீரர் சிறியவராகிவிட்டாரோ எனின், இல்லை. பேயென்று பிறர் அஞ்சியது இவர் செயலன்று, நேர்ந்த நிகழ்ச்சி. அதன்பின் நடந்ததே இவர் செயல். தேறிவருங் காலத்தில் விமானங்களின் சித்திரங்களை எழுதிக் கொண்டிருந்தார். அவற்றுட் பல இன்றும் உள. உடல் தேறியபின்னும் தகுதியற்றவர் என்றே மருத்துவர் கூறினர். வீட்டுக்குப் போய் இளைப்பாறுதற்கு இதனினும் நல்ல காரணம் ஒருவர்க்கு வாய்த்தல் அரிது. பகைவரின் ஆற்றலையும் தம் பிரிவில் நேர்ந்த இழப்பையும் அறிந்தவர் இவர். இவர்தம் தலைவர் மேபரியும் அவ்விபத்துக்குப் பதின்மூன்றாம் நாள், டிசம்பர் 19-இல், போரில் மடிந்தார். இத்தனையும் அறிந்தும் மேலதிகாரிகளை விடாது வேண்டித் தகுதிச்சான்று பெற்று, 1918 ஜூன் மாதத்தில் 40-ஆம் விமானப்பிரிவைச் சேர்ந்து மீண்டும் பிரான்சு சென்றார். முன்னர்க் கண்ணைக் காட்டித் தள்ளியபோது செய்ததையே இப்போதும் செய்தார்.

பதின்மூன்று நாட்கள்

40-ஆம் பிரிவில் காப்டன் ஜார்ஜ் மக்எல்ராய் என்னும் ஐரிஷ்காரர் இவர்க்குக் குழுத்தலைவராக வாய்த்தார். அவர் அப்போரின் தேர்ந்த வான்வீரருள் ஒருவர். அவர்கீழ்ப் பயின்ற இந்திரலாலின் ஆற்றல் ஜூலை மாதத்தில் வெளிப்பட்டது.

ஜூலை 6-ஆம் நாள் த்ரோகூர் என்னும் ஊரின்மேல் ஹானோவர் வகை ஜெர்மானிய விமானம் ஒன்றை வென்றார். ஜூலை 8-ஆம் நாள் நான்கு மணி நேரத்துக்குள் மூன்று விமானங்கள் இவர் கணக்கிற் சேர்ந்தன. ஜூலை 13-இல் இரண்டு, 15-இல் இரண்டு, 18-இல் ஒன்று, 19-இல் காஞிகூர் என்னும் ஊரின்மேல் ஒன்று. ஆகப் பத்து. இவற்றுள் இரண்டு பிறரோடு பங்கிட்டுக்கொண்ட வெற்றிகள். முதல் வெற்றிக்கும் கடைசி வெற்றிக்கும் இடையே பதின்மூன்று நாட்களே. இவர் பறந்த நேரம் முழுவதையும் கூட்டினும் 170 மணிக்குச் சிறிதே மிகும்.

வெற்றி என்னுஞ் சொல்லுக்கு ஈண்டு என்ன பொருள் என்பதை விளக்குதல் கடனாகும். விமானி தரையிறங்கியதும் நாள், நேரம், இடம், உயரம், கண்ட பகைவிமானத்தின் வகை, நடந்த நிகழ்ச்சி ஆகியவற்றைக் குறித்து அறிக்கை எழுதித் தருதல் வேண்டும். உடன் பறந்தோரின் வாக்குமூலமும் தரையினின்று கண்டோர் கூற்றும் அதனோடு ஒப்பிட்டு நோக்கப்பெறும். அதன்மேல் அதிகாரிகள் அழிந்தது என்றோ, கட்டுமீறி வீழ்ந்தது என்றோ தீர்ப்பளிப்பர். கட்டுமீறி வீழ்வது போற் காட்டித் தாழப் பறந்து தப்பிய விமானங்களும் உண்டு. ஆகவே இத்தொகைகளெல்லாம் அன்றைய படையார் ஒப்புக்கொண்ட கணக்கென்று கொள்ளத்தக்கனவேயன்றி, இறந்த பகைவரின் தொகையென்று கொள்ளத்தக்கனவல்ல.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இவர் சரித்திரத்திலேயே உளது. இவர்க்குப் பின்னர் அளிக்கப்பெற்ற பதக்கத்தின் அரசாங்க அறிவிப்பு, பதின்மூன்று நாளில் ஒன்பது விமானங்கள் என்று கூறுகின்றது. வரலாற்றாசிரியர் தொகுத்த பட்டியலோ பத்து என்கின்றது. பங்கு வெற்றிகளை எண்ணும் முறை மாறின் தொகையும் மாறும். இரண்டு தொகையையும் ஒளியாது கூறுவதே நேர்மை. ஒன்பதாயினும் பத்தாயினும், அப்போரில் ஐந்துக்கு மேற்பட்ட விமானங்களை வென்று ஏஸ் என்னும் சிறப்புப் பெயர் பெற்ற இந்தியர் இவர் ஒருவரே என்பதில் மாற்றமில்லை.

இறுதிப் பறப்பு

1918 ஜூலை 22-ஆம் நாள், லான்ஸ் நகருக்கும் லில் நகருக்கும் இடையிலுள்ள கார்வான் என்னும் ஊரின்மேல், ஜெர்மானியரின் 29-ஆம் போர்விமானப் பிரிவைச் சார்ந்த ஃபாக்கர் விமானங்களோடு பொருகையில் இந்திரலால் வீழ்ந்தார். அந்நிலம் அப்போது பகைவர் வசமிருந்தது. எஸ்தெவெல் என்னும் சிற்றூரின் இடுகாட்டில் அவருடல் அடக்கம் பெற்றது. அன்று அவர்க்கு வயது பத்தொன்பது ஆண்டு, ஏழு திங்கள், இருபது நாள். இன்று மேல்நிலைப் பள்ளியை விட்டு வெளியேறி ஈராண்டு சென்ற நம் பிள்ளைகளின் வயது அஃது. அதனை நினைக்குந்தோறும், இவர் வெற்றிக்கு மகிழும் எம் நெஞ்சு, இவரைப் பெற்ற தாயை எண்ணிக் கலங்குகின்றது.

இவர்தம் முன்னாட் பிரிவினரான மெக்கடன் ஜூலை 9-ஆம் நாளே விமான விபத்தில் மாண்டிருந்தார். இவர் குழுத்தலைவர் மக்எல்ராய் ஜூலை 31-ஆம் நாள், இவர்க்கு ஒன்பது நாள் பின்னர், தாமும் வீழ்ந்தார். கற்பித்தவரும் கற்றவரும் ஒரே திங்களில் மறைந்தனர்.

1918 ஜூன் மாதத்தில் புதிதாக ஏற்படுத்தப்பெற்ற சிறந்த பறப்புச் சிலுவை என்னும் விருது, அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில், இவர் மறைவுக்குப் பின் இவர்க்கு அளிக்கப்பெற்றது. அதனைப் பெற்ற முதல் இந்தியர் இவரே. கல்லறையில் வங்க எழுத்திலும் வாசகம் பொறிக்கப்பெற்றுளது. கல்கத்தாவின் பவானிபூர்ப் பகுதியில் ஒரு வீதிக்கு இந்திர ராய் வீதி என்று பெயரிட்டனர். பிறந்து நூறாண்டு நிறைந்த 1998-இல் இந்திய அஞ்சல் துறையார் இவருருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டனர்.

உடன் பறந்த இந்தியர்

இவரோடு ஒத்த காலத்தில் அப்படையிற் பறந்த இந்தியர் மேலும் மூவரை இங்குக் குறித்தல் தகும். ஹர்தித் சிங் மாலிக் என்னும் சீக்கியர் 28-ஆம் பிரிவில் 1917-இற் பொருது காயமுற்றும் உயிர் தப்பி, சுதந்திர இந்தியாவின் தூதராகப் பிரான்சில் விளங்கி, 1985-இல் மறைந்தார். ஏரல் சந்திர சேன் 70-ஆம் பிரிவிற் பறந்து 1917 செப்டம்பரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். பம்பாயைச் சார்ந்த ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர் 23-ஆம் பிரிவிற் பறந்து, 1918 ஜூன் மாதத்தில் போருக்குச் சென்று மீளாது, அம்மாத இறுதியில் பகைவரிடையே உயிர்நீத்தார். இந்தியாவுக்கென்று விமானப்படை தோன்றியது 1932 அக்டோபர் 8-ஆம் நாள். அதற்கு முன்னரே, இந்தியர் விமானம் செலுத்தவல்லவரோ என்று ஐயுற்றோர்க்கு இந்நால்வரும் தம் செயலாலேயே விடை கூறிவிட்டனர்.

நாம் செய்யத்தக்கது

நூறாண்டுக்கு முன், பல்லாயிரம் மைலுக்கப்பால், பத்தொன்பது வயதில் மறைந்த ஒருவர் எந்நாள் படையிற் சேர்ந்தார், எந்நாள் காயமுற்றார், எந்நாள் எவ்வூரின்மேல் வென்றார் என்பதையெல்லாம் வெம்பாக்கத்திலிருக்கும் நாம் அறிய முடிந்தது எதனால்? அன்றன்று எழுதினர், எழுதியதை எறியாது வைத்தனர். அதிகாரிகளின் பணிப்பதிவுகள் இலண்டனையடுத்த கியூ என்னுமிடத்து அரசாங்க ஆவணக் காப்பகத்தில் உள. காயமுற்றோர், இறந்தோர் பற்றிய படிவங்களை விமானப்படை அருங்காட்சியகத்தார் காக்கின்றனர். பதவியும் விருதும் லண்டன் கஜெட்டில் அச்சாகியுள. கல்லறைகளின் பதிவை 1917-இல் தோன்றிய போர்க்கல்லறை ஆணையத்தார் பேணுகின்றனர். இக்காலத்தில் இவற்றுட் பெரும்பகுதியைக் கணினி வழியே எவரும் காணலாம். ஒன்றிற் கண்டதை மற்றொன்றோடு ஒப்பிட்டு, முரணுவதை நீக்கி, பொருந்துவதைக் கொள்ளின், ஒரு வீரரின் வாழ்வு நாள் நாளாக நம்முன் விரியும்.

இனி நம் வீட்டை நோக்குவோம். எம் கொள்ளுப்பாட்டனாரின் தம்பியார் அதே போரில் மெசபடோமியா சென்று மீண்டவர். ஊரார் அவரைப் பட்டாளத்தார் என்றே அழைப்பர். அவர்க்கு வெள்ளிப் பதக்கம் ஒன்று அளிக்கப்பெற்றிருந்தது. பஞ்சகாலத்தில் அதனை உருக்கிக் குழந்தைக்கு அரைஞாண் செய்தனர். அப்பதக்கத்தின் விளிம்பில் அவர் பெயரும் படையின் பெயரும் பொறித்திருந்தன என்று எம் பாட்டியார் சொல்லக் கேட்டுளோம். படையினின்று விலகியபோது தந்த தாளை, வீடு வெள்ளையடிக்கும்போது பழந்தாள்களோடு எடைக்குப் போட்டுவிட்டனர். இன்று அவர் எப்படையிற் பணிபுரிந்தார் என்பதை எம் குடும்பத்தில் அறிவார் ஒருவரும் இலர். அவர் முதலையோடு மல்லாடினார் என்னுங் கதை மட்டும் எஞ்சியுளது. இது பிறர் குற்றமன்று. எம் இல்லத்தின் குற்றமே. வங்க இளைஞர்க்கு ஆவணங்கள் இருந்தமையால் கதையை நீக்கினும் மனிதர் எஞ்சினார். எம் பட்டாளத்தார்க்கோ கதையை நீக்கின் ஒன்றும் எஞ்சாது.

ஆதலின் சங்கத்து அன்பர்களையும் தாய்மார்களையும் ஒன்று வேண்டுகின்றோம். முன்னோரின் பணித்தாள், பதக்கம், கடிதம், கணக்கேடு, தறிக்கூடத்துப் பற்றுவரவுச் சிட்டை, பழைய நிழற்படம் ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள். நிழற்படத்தின் பின்புறம் இருப்போர் பெயரையும் ஆண்டையும் இன்றே எழுதுங்கள். முதியோர் உயிரோடிருக்கும்போதே அவர்தம் வாழ்க்கைச் செய்திகளைக் கேட்டு, அவர் கண்டது இது, கேட்டது இது என்று பிரித்தெழுதுங்கள். போர் புரிந்தவர் வாழ்வே எழுதத்தக்கதென்று எண்ணற்க. ஐம்பதாண்டு தறிக்குழியில் அமர்ந்து குடும்பத்தை உயர்த்தியவரின் உழைப்பும் சரித்திரமே.

வினவிய அம்மாணவன் இப்போது தன் பாட்டனாரிடம் அமர்ந்து குறிப்பெழுதத் தொடங்கியிருக்கின்றான். முதற் பக்கத்தில் நாளும் இடமும் இட்டிருந்தான். கண்டு மகிழ்ந்தோம். அவன் கேட்ட ஒரு வினாவே எம்மைத் திருத்திற்று. அவ்வினா நம் ஒவ்வோர் இல்லத்திலும் எழுவதாக. இந்திரலால் ராயின் புகழ் நிலவுவதாக.